யாத்திரைக்காக விட்ட பழக்கம்

வைகாசி மாதம் பிறந்ததும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு மாற்றத்தைக் காணலாம். முப்பது வருடமாகச் சுருட்டுப் புகைத்தவர் சுருட்டுக் கட்டைப் பரணில் ஏற்றி வைக்கிறார். பொழுதுபட்டால் தவறணைப் பக்கம் கால் இழுபடுகின்றவர் கோயில் வீதியில் வந்து அமர்கிறார். வீட்டில் மச்சச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்படுகின்றது. என்ன விசேடம் என்று கேட்டால், "இந்த முறை கதிர்காமத்துக்கு நடக்கிறன்" என்ற மறுமொழி வரும். கார்த்திகை முதலாந் திகதி ஐயப்பனுக்கு மாலை போடுகின்ற இளைஞர்களிடத்தும் இதே மாற்றத்தைக் காண்கிறோம். நல்லூரிற் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத வீடுகள் குடாநாடெங்கும் உள்ளன.

இவற்றைக் கண்டு மகிழ்கின்றவர்களும் உண்டு, நகைக்கின்றவர்களும் உண்டு. "போய் வரும் வரைக்குந்தானே" என்பது நகைப்பவர்களின் வார்த்தை. அந்த வார்த்தையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பயணத்துக்காக விடப்பட்ட தீய பழக்கம் உண்மையில் விடப்பட்டதாகுமா? வைத்தியர் சொல்லியும், மனைவி அழுதும், பிள்ளைகள் கெஞ்சியும் விடாத ஒன்றை ஒரு யாத்திரையின் பொருட்டு ஒருவர் விடுவாரானால் அவ்விடுதலுக்கு மதிப்பு உண்டா? அடியார்கள் நின்று சிந்திக்க வேண்டிய வினா இது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தக் கிராமத்திலும் அவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டிய கமக்காரர். தோட்டத்தில் ஒரு காலத்திற் புகையிலை நட்டவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை இவை நான்கும் வாயில் இல்லாமல் அவருக்கு இறைப்பும் இல்லை, பேச்சும் இல்லை. படுக்கைக்குப் பக்கத்திற் படிக்கம் வைத்துக்கொண்டு உறங்குபவர். நீரிழிவுக்குக் கிளினிக் கொப்பி உண்டு. கொப்பியில் எழுதப்பட்டதெல்லாம் கொப்பியிலேயே இருக்கின்றது. கடைவாயில் வெள்ளைப் படலம் ஒன்று தெரிகிறது என்று பல் வைத்தியர் எச்சரித்த பின்னரும், "இனி விட்டு என்ன, விடாமல் என்ன" என்று சொல்லி மடியை அவிழ்த்துப் பாக்கு எடுத்தவர்.

அத்தகையவர் ஒரு நாள், செல்வச்சந்நிதியிலிருந்து வேலெடுத்துச் செல்லும் குழுவினரோடு தானும் வருவதாகச் சொல்லுகிறார். பல முறை நடந்த ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கோ அண்ணை, சந்தோசம். ஆனா உகந்தைக்கு அங்கால வெத்திலைக் கடை இல்லைப் பாருங்கோ" என்கிறார். பலரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த வார்த்தை அவரை விடவில்லை. காட்டுக்குள் நின்று பாக்குக்காகத் தவிப்பதா, அல்லது இப்போதே பழகிக்கொள்வதா? வைத்தியரின் வார்த்தை செய்யாததை அந்தப் பகிடி செய்துவிடுகிறது.

சந்நிதி முருகன் சந்நிதானத்தின் பெருமையை அடியார்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. தொண்டைமானாற்றங் கரையில் மருதர் கதிர்காமர் வழிவந்த கப்பூகர்கள் வாய்கட்டிப் பூசை செய்கின்ற அத்தலத்துக்குச் சின்னக் கதிர்காமம் என்றே பெயர். அங்கிருந்து புறப்படும் யாத்திரை வன்னி வழியாக வற்றாப்பளை அம்மனையும், திருகோணமலைக் கோணேசரையும், வெருகல் முருகனையும், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரரையும், திருக்கோயிற் சித்திர வேலாயுதரையும் வணங்கி, பொத்துவில், பாணமை கடந்து உகந்தை மலையைச் சேரும். அதன்பின் குமண, கும்புக்கன் ஓயா, யால வனம். ஏறக்குறைய ஒன்றரை மாதம் காலாலேயே நடக்க வேண்டும். உகந்தை வரைக்கும் ஊர்கள் உண்டு. ஊருக்கு ஊர் அன்னதானமும் மோரும் உண்டு. அதற்கப்பால் தோளிற் சுமந்த அரிசியும் போத்தலிலுள்ள தண்ணீருந்தான். யோகர் சுவாமிகள் 1910 ஆம் ஆண்டளவில் நடந்த பாதை இது. 1983 இன் பின்னர் போரினால் வடக்கிலிருந்து நடப்பது நின்றுபோயிற்று. 1972 இல் அடியார்களோடு நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் போன்றோரின் முயற்சியால் 1988 முதல் கிழக்கில் யாத்திரை மீண்டும் உயிர்பெற்றது. வடக்கின் அடியார்களுக்கோ நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பல வருடம் நினைத்திருந்தும் நடக்கக் கிடைக்காத தலைமுறையொன்று நமது ஊர்களில் உண்டு. அதனாற்றான் அறுபதிலும் எழுபதிலும் முதன்முறையாகக் கால் வைக்கின்றவர்கள் பலராக இருக்கின்றனர்.

இனி வினாவுக்கு வருவோம். வைத்தியரால் முடியாதது யாத்திரையால் எப்படி முடிகின்றது?

வைத்தியர் சொல்லுகின்ற காரணம் பயம். புகைத்தால் நெஞ்சுவலி வரும், சீனி கூடினால் காலை எடுக்க வேண்டி வரும் என்கிறார். சொல்வது முழுவதும் உண்மையே. பாக்கைத் தனியே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் அறிவித்துவிட்டது. புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் பற்றி அதே அமைப்பு 1985 இலேயே சொல்லிற்று. இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. தெரியாமல் எவரும் மெல்லவில்லை. தெரிந்துகொண்டே மெல்லுகிறார்கள். ஏனெனில் பயம் என்பது எப்போதோ வரப்போகும் ஒன்றைப் பற்றியது. பாக்கின் சுவையோ இந்த நிமிடத்தில் நாவில் இருப்பது. மேலும், பயப்பட்ட மனம் ஆறுதல் தேடும். ஆறுதலுக்கு அது ஓடிப்போவது அதே வெற்றிலைத் தட்டத்துக்குத்தான். கிளினிக்கிலிருந்து வெளியே வந்தவுடன் வாசற் கடையில் ஒரு வாய் வெற்றிலை வாங்குபவர்களைக் காணாதவர் யார்?

சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைக் கூறுமிடத்து, சார்ந்ததன் வண்ணம் ஆதல் என்று ஓர் இலக்கணம் சொல்லும். உயிர் தனித்து நில்லாது. எதையேனும் சார்ந்தே நிற்கும். எதைச் சார்கின்றதோ அதன் நிறத்தைப் பெறும். பளிங்குக்குப் பக்கத்திற் சிவந்த பூவை வைத்தாற் பளிங்கு சிவப்பாகத் தோன்றுகின்றது. பளிங்கைத் துடைத்து அச்சிவப்பைப் போக்க முடியாது. பக்கத்திலுள்ள பூவை மாற்ற வேண்டும். "விடு, விடு" என்று மாத்திரம் சொல்வது பளிங்கைத் துடைப்பது போன்றது. ஒன்றை விடுவதானால் உயிருக்குச் சாரப் பிறிதொன்று வேண்டும். பற்றை விடுதற்கும் ஒரு பற்றுத் துணை வேண்டும் என்பதையே திருவள்ளுவரும் துறவு அதிகாரத்தின் முடிவில் உணர்த்தினார். வைத்தியர் விடச் சொல்கிறார், ஆனால் சாருதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அது அவருடைய தொழிலும் அன்று. கதிர்காமத்துக்குப் போவதென்று நினைத்த நாள்முதல் அந்தக் கமக்காரருக்குச் சார ஒன்று கிடைத்துவிட்டது. காலையில் எழுந்தால் நடந்து பழக வேண்டும். பாதத்திற் கொப்புளம் வராதிருக்க வெறுங்காலாற் கொஞ்சம் மணலிலும் நடக்க வேண்டும். கூட வருபவர்களைச் சந்திக்க வேண்டும். இரவிற் காட்டுப்பாதையை நினைத்துக்கொண்டே உறங்க வேண்டும். வெற்றிலை இருந்த இடத்தில் வேல் வந்து அமர்ந்துவிடுகின்றது.

நாள் குறிப்பதும் ஒரு துணை. 2014 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், மனிதர் புதுவருடம், பிறந்தநாள், மாதத்தின் முதல்நாள் போன்ற தினங்களை ஒட்டியே நல்ல பழக்கங்களைத் தொடங்க விரும்புகிறார்கள் என்று கணக்கிட்டுக் காட்டினர். பழைய கணக்கு மூடப்பட்டு ஒரு புதிய ஏடு திறக்கப்படுவதான உணர்வு அத்தினங்களில் எழுகின்றதாம். நம் பெரியோர் சங்கற்பம் என்ற ஒன்றை வைத்தது இதனை அறிந்துபோலும். ஆண்டு, அயனம், மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் எல்லாஞ் சொல்லி, இன்ன ஊரில் இன்ன தினத்தில் இன்னதைச் செய்கிறேன் என்று சொல்லும்போது அந்த எண்ணம் காற்றில் நிற்காமல் நாட்காட்டியில் வந்து நிற்கின்றது. "நாளைக்கு விடுகிறேன்" என்பவருடைய நாளை வருவதில்லை. "வைகாசி பதினைந்தாந் திகதியிலிருந்து" என்பவருடைய நாள் வந்தே தீரும். காப்புக் கட்டியபின் ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும். ஊர்வாய்க்குப் பயந்து நல்லவராக இருப்பது உயர்ந்ததன்று எனச் சிலர் சொல்லலாம். உயர்ந்ததன்றுதான். ஆயினும் தோட்டத்திற் கொடிக்குக் கொழுகொம்பு நடுகின்றவர் கொம்பு உயர்ந்த மரமா என்று பார்ப்பதில்லை.

இங்கேதான் நகைப்பவர்களின் கேள்வி மீண்டும் எழுகின்றது. கொம்பை எடுத்தவுடன் கொடி விழுந்தால் என்ன செய்வது?

விழுகின்றதென்பதை மறைக்கக் கூடாது. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த பின்வரும் நாட்களிற் சந்தையில் மீன் வாங்குபவர்களின் நெருக்கத்தை எவரும் அறிவர். சபரிமலையிலிருந்து வந்து மாலை கழற்றிய அன்றே நண்பர்களோடு போத்தல் திறந்தவர்கள் உண்டு. நாற்பத்தொரு நாள் விட்டதற்கும் வட்டி சேர்த்துக் குடித்ததாகப் பெருமை பேசியவர்களும் உண்டு. மச்சம் உண்பது வேறு, குடி வேறு என்பதும் உண்மையே. அதனை இங்கு ஒன்றாகக் கலப்பது நோக்கமன்று. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். மாலை போட்ட நாற்பத்தொரு நாளும் கணவன் நேரத்துக்கு வீடு வருகிறான். பிள்ளைகளோடிருந்து சாப்பிடுகிறான். சம்பளம் கைக்கு வருகின்றது. இரவிற் சத்தம் இல்லை. பிள்ளைகள் தகப்பனுக்குக் கிட்டப் போகிறார்கள். நாற்பத்திரண்டாம் நாள் எல்லாம் பழையபடி. அதற்கு முன்னர் அவள், "என்ன செய்கிறது, அவராலை ஏலாது, அது ஒரு வருத்தம்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இனி அப்படித் தேற்ற முடியாது. அவனால் இயலும் என்று அவள் கண்ணாற் கண்டுவிட்டாள். ஐயப்பனுக்காக இயன்றது தனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இயலவில்லை என்பதையுங் கண்டுவிட்டாள். முன்னையதிலும் இந்தத் துயரம் பெரிது. விரதம் காப்பவர்களிற் பெரும்பாலானோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே யாத்திரை ஒரு மனிதனிடமிருந்து எடுத்துக்கொள்வது சுருட்டை மாத்திரமன்று, "என்னால் முடியாது" என்ற சாட்டையும் எடுத்துக்கொள்கின்றது. திரும்பி வந்தபின் ஒருவர் பழையபடி தொடங்குவாரானால், அவர் முன்னே நின்ற இடத்தில் இப்போது நிற்கவில்லை. முன்னர் அவர் அடிமை. இப்போது அறிந்து செய்பவர். சித்தாந்த முறைப்படி சொன்னால், பழவினையின் வாசனையால் வந்தது என்று சொல்லி ஒதுங்க இனி இடமில்லை. இனிச் செய்வது ஆகாமியம். விரதம் பூண்பதிலுள்ள ஆபத்து என்றும் இதனைச் சொல்லலாம், அதன் அருள் என்றும் சொல்லலாம்.

மனம் முழுவதும் ஒப்பாமல் எடுத்த விரதம் பயனற்றது என்பாருக்கு மகாத்மா காந்தியின் இளமைக் காலம் மறுமொழி சொல்லும். 1888 இல் அவர் சட்டம் படிக்க இலண்டன் புறப்பட்டபோது தாயார் புத்லிபாய் அஞ்சினார். குடும்பத்துக்கு வேண்டிய சமணத் துறவியொருவர் முன்னிலையில், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த பின்னரே தாயார் விடைகொடுத்தார். இதில் வியப்பு என்னவெனில், அந்நாளில் மாமிசம் உண்பது தவறு என்று காந்தி நம்பியிருக்கவில்லை. சிறுவயதில் நண்பனொருவனோடு சேர்ந்து ஒளித்து உண்டவர். பெற்றோருக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்தமையாலேயே அதனை நிறுத்தினார். இந்தியர் யாவரும் மாமிசம் உண்டு பலம் பெற வேண்டும், தாமும் ஒருநாள் வெளிப்படையாக உண்ண வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. ஆக, அவர் காத்தது தமது கொள்கையை அன்று, தாய்க்குக் கொடுத்த வார்த்தையை. இலண்டனில் அரை வயிற்றோடு அலைந்தார். நண்பர்கள் ஏசினர். கடைசியில் ஒரு சைவ உணவுச்சாலையைக் கண்டார். அங்கே விலைக்கு வைத்திருந்த, ஹென்றி சால்ட் எழுதிய நூலொன்றை வாங்கிப் படித்தார். அன்றுதொட்டுத் தம் அறிவினாலேயே மரக்கறி உணவைத் தெரிந்துகொண்டதாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். வார்த்தை முதலில் வந்தது, கொள்கை பின்னே வந்தது. கொள்கை வரும்வரைக்கும் அந்த வார்த்தை அவரைக் காவல் செய்தது. அந்தக் காந்தியடிகளே 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து மதுவிலக்கைப் பற்றி நம்மவர்க்கு எடுத்துரைத்தார் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

எனவே யாத்திரைக்காக விட்டது உண்மையானதா, போலியா என்று புறப்படும் நாளில் எவரும் தீர்ப்புக் கூற முடியாது. அதனைத் தீர்ப்பது பின்வரும் நாட்கள்.

நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, ஒரு புதிய செயல் நினையாமலே செய்யும் பழக்கமாக அமைவதற்குச் சராசரியாக 66 நாட்கள் சென்றன. சிலருக்குப் 18 நாளிற் கைகூடிற்று. சிலருக்கு 254 நாள் வரை செல்லும் என்று கணித்தனர். ஐயப்ப விரதம் 41 நாள். பாதயாத்திரை ஏறக்குறைய 45 நாள். அதற்கு மூன்று வாரம் முன்னதாகவே பழக்கத்தை விட்டவருக்கு அந்தச் சராசரி நிரம்பிவிடும். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு கடைசிச் சுருட்டைப் பற்றவைத்தவருக்கு நிரம்பாது. மேலும் புகையிலையை விட்டவரின் தவிப்பு முதற் சில நாட்களிலேயே மிகக் கடுமையாக இருக்கும். தலையிடி, எரிச்சல், உறக்கமின்மை எல்லாம் அப்போது வரும். சில வாரங்களில் அவை அடங்கும். அத்தவிப்பை வீட்டிலிருந்து கடப்பதா, நடுவழியிற் கடப்பதா என்பதைப் புறப்படுகின்றவரே யோசிக்க வேண்டும். எரிச்சலோடு நடப்பவர் தம்மோடு நடப்பவர்களையும் வருத்துவார்.

உடம்பைப் பேணுவது பக்திக்குப் புறம்பானது என்று எண்ணும் அடியார் இன்றும் சிலர் உளர். "முருகன் பார்ப்பான்" என்று சொல்லிக் குளிசையை வீட்டில் விட்டுப் போனவர்களும் உண்டு. திருமூலர், உடம்பை இழுக்கு என்று முன்னர் எண்ணியிருந்து, அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டதை உணர்ந்தபின் அதனைப் பேணலானதாகத் திருமந்திரத்திற் கூறுகின்றார். சபரிமலையிற் பம்பையிலிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு ஏறுகின்ற வழியில் நெஞ்சுவலியால் இறப்பவர்கள் வருடந்தோறும் உளர். அதனால் அவ்வழியெங்கும் கேரள அரசு அவசர சிகிச்சை நிலையங்களை வைத்திருக்கின்றது. விரத காலத்தில் வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டாம், சில வாரம் முன்னரே நடந்து பழகுங்கள் என்று ஒவ்வொரு பருவத்திலும் சொல்லுகின்றார்கள். கயிலாய யாத்திரைக்கு இந்திய அரசு அனுப்பும் குழுவிற் சேர வயது பதினெட்டு முதல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்குத் தக்க நிறையைக் காட்டும் சுட்டெண் இருபத்தைந்துக்கு மேற்படக் கூடாது. டெல்லியில் வைத்தியப் பரிசோதனையிற் தேறாதவர் எவ்வளவு பெரிய பக்தரானாலும் திரும்ப வேண்டியதே. இறைவன் திருமுன் செல்வதற்கு நிறை குறைத்தவர்களும் உளர் என்பது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் மாவிளக்குக்குப் பிடிக்கும் நோன்பிலும் அந்த நோன்பு தாழ்ந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்திற் குடிப்பழக்கமுள்ளவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கையும் அவசியம். பல வருடம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் முற்றாக நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் மதிமயக்கமும் வருவதுண்டு. உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் காப்புக் கட்டுவதற்கு முன் வைத்தியரைக் காண வேண்டும். அதனால் விரதத்துக்குக் குறைவு வராது. நீரிழிவுக்காரர் உபவாசம் இருப்பதும் அவ்வாறே.

புகையிலையை நிந்திக்கும்போது யாழ்ப்பாணத்தவர் சிறிது நிதானிக்க வேண்டியும் இருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் நமது செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. பின்னர் யாழ்ப்பாணச் சுருட்டுத் தென்னிலங்கையெங்கும் விலைப்பட்டது. தென்னிலங்கைப் பட்டினங்களிற் சுருட்டுக்கடை வைத்தவர்களின் பணத்தால் எழுந்த மண்டபங்களும் தேர்களும் குடாநாட்டு ஆலயங்களில் எத்தனை! அதனை மறைத்து எழுதினால் வரலாறு பிழைக்கும். நாவலர் பெருமான் நாலாம் பாலபாடத்திற் கள்ளுண்ணலையும் புலாலுண்ணலையும் கண்டித்து எழுதியதைப் பிள்ளைகளாக இருந்தபோது மனனஞ் செய்தவர்கள், புகையிலையை மாத்திரம் ஒரு பயிராகவே பார்த்துப் பழகிவிட்டனர். தோட்டத்தில் நட்டது, வீட்டிற் காய்ந்தது, வாயிற் போனது, விருந்தினர்க்குத் தட்டத்தில் நீட்டியது எல்லாம் அதுவே. அந்தக் கமக்காரர் விடுவது ஒரு பழக்கத்தை மாத்திரமன்று. தகப்பன், பேரன் காலத்திலிருந்து வந்த மரியாதையொன்றின் ஒரு பகுதியையும் அவர் விடுகின்றார். அதனால் அது கடினமாக இருப்பதிலும் நியாயம் உண்டு.

நடையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. 2011 யூலையில் நம்நாட்டின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றர் தூரத்தை ஒரு குழுவினர் 27 நாளில் நடந்து வந்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழியெங்கும் சேர்ந்து நடந்தனர். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக நடந்த நடை அது. கதிர்காமத்துக்கு நடப்பவர்களின் திசைக்கு எதிர்த்திசை. நமது வாய்களுக்காக யாரோ நடந்திருக்கிறார்கள் என்பதை, தெல்லிப்பழை வழியாகப் பஸ்ஸிற் போகும்போது வெற்றிலை மெல்லுகின்றவர் நினைத்துப் பார்க்கலாம்.

திருநாவுக்கரசு நாயனாரும் ஒரு நெடும் யாத்திரை போனவரே. கயிலையைக் காணாமல் மீளேன் என்று முதிர்ந்த வயதிற் புறப்பட்டார். பாதம் தேயக் கையால் ஊர்ந்தார், கை தேய மார்பினால் ஊர்ந்தார், அதுவும் தேயப் புரண்டார். இறைவன் முனிவராக வந்து, இவ்வுடம்பினால் அங்கே செல்ல இயலாது, திரும்புக என்றான். நாயனார் உடன்படவில்லை. பின்னர் அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு திருவாக்கு எழுந்தது. மூழ்கியவர் எழுந்தது சோழநாட்டிலே, திருவையாற்றுக் குளத்திலே. ஆங்கே கயிலைக் காட்சி கிடைத்தது என்று சேக்கிழார் பாடுகின்றார். இவ்வரலாற்றைக் கேட்கும்போது, ஊர்ந்த வழி வீண்தானோ என்று எண்ணத் தோன்றும். திருவையாற்றிலேயே காட்சி தருவதானால் முதலிலேயே தந்திருக்கலாமன்றோ? அடியார்கள் இதற்குப் பலவாறு பொருள் சொல்லுவர். கயிலை வழியிலே தேய்ந்த உடம்போடு போனவருக்கே திருவையாறு கயிலையாயிற்று என்பது ஒரு பொருள். போகாமல் இருந்தவருக்குத் திருவையாறு திருவையாறாகவே இருந்திருக்கும்.

அந்தக் கமக்காரரும் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். வெருகலிற் காலில் கொப்புளம். மாமாங்கத்தில் ஒருநாட் காய்ச்சல். உகந்தைக் கடற்கரையில் இரவு படுத்திருக்கையிற் பக்கத்திலிருந்தவர் மடியை அவிழ்த்து, "அண்ணை, ஒரு வாய் போடுங்கோவன், ஆர் பாக்கிறது" என்று நீட்டியபோது, "இல்லைத் தம்பி, வேண்டாம்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் சென்றது என்பது அவருக்குத்தான் தெரியும். காட்டை முடித்து, மாணிக்க கங்கையில் மூழ்கி, திரைக்கு முன்னால் நின்று அழுது, திருநீறும் கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

வீட்டு வாசலில் மனைவி காலுக்குத் தண்ணீர் வார்த்தாள். பேரப்பிள்ளைகள் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அயலட்டையெல்லாம் திருநீறு வாங்க வந்து திண்ணையிற் கூடிற்று. வந்தவர்களுக்கு மரியாதையாக, வழக்கம்போல, வெற்றிலைத் தட்டமும் வந்தது. அவரவர் எடுத்துக்கொண்டு காட்டின் கதை கேட்டார்கள். யானை வந்ததா, தண்ணீர் கிடைத்ததா என்று விசாரித்தார்கள். தட்டம் கைமாறிக் கைமாறி அவருக்கு முன்னால் வந்து நின்றது. கதை சொல்லிக்கொண்டிருந்த வாய் ஒரு கணம் நின்றது. அடுக்களை வாசலில் மனைவியும் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாக்குவெட்டியைக் கையில் எடுத்து, சிறிது நேரம் அதனைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்தவருக்கு ஒரு பாக்கைச் சீவிக் கொடுத்து, தட்டத்தை அப்பால் தள்ளினார். பிறகு, கும்புக்கன் ஓயாவில் ஆறு பெருகியிருந்த கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மறுநாட் காலை அந்தப் பாக்குவெட்டி எங்கே இருந்தது என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. படிக்கத்தை மாத்திரம் புளி போட்டு மினுக்கி, கிணற்றடியிலே வெயிலில் வைத்தாள்.